இஸ்தீர் ஏந்திய சவத்துணி

நாஷிதை ரிஸ்கல்லா வெட்டியது நைரூஸ் பண்டிகைக்கு முந்தின நாள். ரோமப் பேரரசன் ஒருவன் எங்கள் முன்னோரை ஊர் ஊராக வெட்டிச் சாய்த்த காலத்திலிருந்து நைல் கரையில் எங்கள் திருச்சபை வருஷங்களை எண்ணி வருகிறது. அந்தத் தியாகிகளின் ஆண்டு பிறக்கும் நாள்தான் நைரூஸ். அன்று வீட்டுக்கு வீடு சிவப்புப் பேரீச்சம்பழம் இருக்கும். தோலின் சிவப்பு அவர்கள் சிந்திய இரத்தம், கொட்டையின் கடினம் அவர்கள் விசுவாசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தின்போம். நாஷிதின் உடலைக் கொண்டுவந்த கழுதைவண்டியில் அவன் காலையில் வாங்கி வைத்திருந்த பழக்கூடையும் இருந்தது. இறக்கியவர்கள் முதலில் கூடையைத்தான் இறக்கினார்கள். உடலைத் தொட யாருக்கும் கை வரவில்லை. கழுத்து பாதிதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

சண்டை தண்ணீருக்கு. கரும்புக்குப் பாய்ச்சும் பம்பு இரண்டு வீட்டுக்கும் பொது. நாஷிதின் முறையில் ரிஸ்கல்லா மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டான். "உன் தம்பி எனக்குச் சகலைன்னா என் வாய்க்காலும் உனக்குச் சீதனமா?" என்று நாஷித் சிரித்துக்கொண்டே கேட்டானாம். ரிஸ்கல்லாவின் தம்பி அத்லி கட்டியிருந்தது நாஷித் மனைவியின் தங்கையை. கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நாஷித் மடையைத் திருப்பக் குனிந்தபோது ரிஸ்கல்லா மண்வெட்டியை ஓங்கினான். முதல் வெட்டிலேயே நாஷித் முழங்காலிட்டுவிட்டான். இரண்டாவது வெட்டுக்கு அவசியமே இருக்கவில்லை என்று வயல் வேலைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். ரிஸ்கல்லா அப்படியே நைலைக் கடந்து கிழக்கு மலைக்கு ஓடிவிட்டான். அங்கே கல்குவாரிகளில் ஒளிந்துகொண்டவனைப் போலீஸ் தேடிப் பிடித்ததாக எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

நாஷிதின் மனைவி இஸ்தீர் அழவில்லை. அடக்கம் முடிந்து, துக்கத்துக்குப் பந்தல் போட வந்த ஆட்களை வாசலிலேயே நிறுத்தினாள்.

"பந்தலும் வேண்டாம், காபியும் வேண்டாம். என் புருஷன் இன்னும் சாகலை. ரத்தத்துக்கு ரத்தம் வர்ற அன்னைக்குத்தான் அவர் சாவார். அன்னைக்கு வாங்க."

அவள் தங்கை மர்த்தா, அத்லியின் மனைவி, தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். இஸ்தீர் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அக்கா, என்னை உள்ள விடு."

"உன் புருஷனோட அண்ணன் தலையைக் கொண்டு வந்தியா?"

"அக்கா…"

"இல்லைன்னா உன் புருஷன் தலையைக் கொண்டு வா. ஏதோ ஒண்ணு இல்லாம இந்தப் படியை மிதிக்காதே."

எங்கள் ஊரில் கொலைகாரன் கைக்கு அகப்படாவிட்டால் அவனுக்கு நெருங்கியவன் விலை கொடுக்க வேண்டும். ரிஸ்கல்லாவுக்கு இருந்த ஒரே தம்பி அத்லி. கோயிலில் பலிபூசைக்கான அப்பம் சுடுகிறவன். மாவு பிசையும்போது சங்கீதம் சொல்வான். எறும்பைக்கூட ஊதித்தான் விலக்குவான். நாஷிதின் மகன் பட்டாளத்தில் இருந்ததால் பழி வாங்க வேண்டிய முறை நாஷிதின் தம்பி வஹ்பாவுக்கு. அவன் கோயிலில் பாடுகிற திருத்தொண்டன். எங்கள் ஊர்த் தியாகிகளின் எலும்புகளைச் சிவப்புப் பட்டில் சுற்றி மரக்குழாயில் வைத்திருக்கிறோம். திருநாள் ஊர்வலத்தில் அதைத் தோளில் சுமப்பவன் அவன்தான். ஒவ்வொரு ஞாயிறும் அத்லி சுட்ட அப்பத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் வஹ்பா பாடுவான். எலும்புகளுக்கு அத்தர் பூசும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்துதான் பூசுவார்கள்.

பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் ஊரே நிற்கும்போது, இஸ்தீர் தன் கறுப்பு முக்காட்டைக் கழற்றினாள். வெள்ளை அங்கியோடு வெளியே வந்த வஹ்பாவின் தலையில் அதைப் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. வா வஹ்பா, வீட்டுல ரொட்டி சுட ஆள் இல்லை."

இளவட்டங்கள் யாரோ சிரித்தார்கள். வஹ்பா முக்காட்டை எடுக்காமலே நின்றான்.

"அண்ணி, நான் அந்த எலும்பைச் சுமக்கறவன். அவங்க யாரும் கையை ஓங்கலை."

"அந்த எலும்பைச் சுமக்கத் தெரியுது. உன் அண்ணன் எலும்பு உனக்குக் கனக்குதோ?"

எங்கள் குருவானவர் அபூனா பிமென் குறுக்கே வந்தார். "இஸ்தீர், போதும். இந்த ஊர் நிக்கிறதே கழுத்தை நீட்டினவங்க ரத்தத்து மேல. வாளுக்கு முன்னாடி ஜெபம் பண்ணினவங்க அவங்க."

"அவங்க கழுத்தை வெட்டினது நம்ம சாமியைக் கும்பிடாத ராஜா, அபூனா. என் புருஷன் கழுத்தை வெட்டினவன் உங்க கையால அப்பம் வாங்கித் தின்னவன். அந்தக் கதையை எனக்குச் சொல்லாதீங்க."

அன்றிலிருந்து இஸ்தீர் நற்கருணை வாங்கவில்லை. ஆனால் ஒரு பூசையையும் தவறவிடவில்லை. பெண்கள் பக்கத்தில், தங்கைக்கு எதிர்மூலையில், தூண் மாதிரி நிற்பாள்.

குளிர்காலம் முழுக்க வஹ்பா தாக்குப் பிடித்தான். டீக்கடையில் அவன் நுழைந்தால், "தள்ளிக்கோங்கப்பா, கல்யாணப்பொண்ணு வருது" என்பார்கள். அவன் வயல் ஓரத்தில் யாரோ பெண்களின் கைவளையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அண்ணி அவனுக்கு மட்டும் சாப்பாட்டைத் தரையில் வைத்தாள். ஒருநாள் என் மாவுமில்லுக்கு வந்து கோதுமையைக் கொட்டிவிட்டு, "லபீப் அண்ணே, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?" என்று கேட்டான். "நான் மாவு அரைக்கிறவன் வஹ்பா. ஒண்ணும் நினைக்கலை" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

பெரிய நோன்பின் கடைசி வாரம். குருத்தோலை ஞாயிறு நெருங்கியதால் மில்லில் கூட்டம் காலையிலேயே வந்து போய்விட்டது. அத்லி கோயில் கோதுமையோடு வந்தான். எப்போதும் போல முதலில் கல்லைத் துடைக்கச் சொன்னான்.

"நேத்து எவனோ சோளம் அரைச்சிருக்கான். ஆண்டவரோட உடம்புல சோளமா கலப்பீங்க?"

"ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். உனக்குத்தான் பொறுக்காது."

அவன் சிரித்துக்கொண்டே மாவு விழும் வாயில் கையை நீட்டிப் பதம் பார்த்தான். அப்போது வஹ்பா உள்ளே வந்தான். என்ஜின் இரைச்சலில் அவன் வந்தது எனக்குக் கேட்கவில்லை. அத்லிதான் முதலில் பார்த்தான்.

"வா வஹ்பா. ஞாயித்துக்கிழமை எந்த ராகத்துல ஆரம்பிக்கப் போறே?"

வஹ்பா அங்கிக்குள்ளிருந்து கைத்துப்பாக்கியை எடுத்தான். அத்லி அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நானா? நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலை" என்றான் வஹ்பா. சுட்டான்.

முதல் குண்டு வயிற்றில். அத்லி மாவுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பார்த்தான். கை வழுக்கியது. இரண்டாவது குண்டு கன்னத்தைத் துளைத்துத் தாடையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவன் தொட்டிக்குள் முகம் குப்புற விழுந்தான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் முதுகின்மேல் மாவு கொட்டிக்கொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் என்ஜினை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் அவன் மூச்சு மாவுக்குள் குமிழிடுவது கேட்டது. இரண்டு பேருமாக அவனைப் புரட்டினோம். ஆமாம், வஹ்பாவும்தான். அத்லியின் வாயிலிருந்து சிவந்த கூழை விரலால் வழித்து எடுத்துக்கொண்டே, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று அவன் கெஞ்சினான். கொன்றவனே கெஞ்சுகிறான். அத்லி அவன் மடியிலேயே அடங்கினான்.

வஹ்பா துப்பாக்கியை என் பக்கம் தள்ளினான். "போலீஸைக் கூப்பிடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, அந்தத் தலையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

செய்தி இஸ்தீருக்கு என்னைவிட முன்னால் போய்விட்டது. நான் இரத்தமும் மாவுமாக அந்தத் தெருவைக் கடந்தபோது அவள் வீட்டுக்கு முன் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. நாற்காலி வந்துவிட்டது. உள்ளே காபிக்கொட்டை வறுக்கும் வாசனை. அவள் வாசலில் நின்று வருகிறவர்களிடம் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு என் புருஷன் செத்துட்டார். உட்காருங்க."

துக்கம் கேட்க ஊர் வந்தது. வராவிட்டால் பகை. ஆண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாயங்கால வெயிலில் மர்த்தா வந்தாள். கையில் அத்லியின் அங்கி. இரத்தம் பட்ட இடத்தில் மாவு ஒட்டி, காய்ந்து அடையாகியிருந்தது. அவள் பந்தலைக் கடந்து உள்ளே பெண்களிடம் போனாள். இஸ்தீரின் மடியில் அந்த அங்கியை விரித்தாள்.

"நீ கேட்டது. தலையை அப்படியே கொண்டுவர முடியலை, பாதி இல்லை." பிறகு எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்: "என் புருஷன் சாகலை. எங்க வீட்டுல பந்தல் கிடையாது."

இஸ்தீருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒரே மகன் காராஸ் பட்டாளச் சேவையில் இருந்தான். வஹ்பா சிறைக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் பழிக்கு மிச்சமிருக்கும் ஆண் அவன் ஒருவன்தான். மடியிலிருந்த அங்கியை எடுக்கக் கை வராமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்ததாகப் பெண்கள் சொன்னார்கள்.

அடக்கத்தன்று மர்த்தா இன்னொன்று கேட்டாள். அத்லியின் படத்தைக் கோயிலில் தியாகிகளின் வரிசையில் மாட்ட வேண்டும் என்றாள். ஆண்டவரின் அப்பத்துக்கு மாவு அரைக்கும்போது செத்தவன் அல்லவா?

அபூனா பிமென் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "அவன் நல்லவன் மர்த்தா. ஆனா விசுவாசத்துக்காகச் சாகலை. அண்ணனுக்காகச் செத்தான். அந்தப் பேரை நான் கொடுக்க முடியாது."

"அப்ப அவரை நான் என்னன்னு சொல்லட்டும்?"



வஹ்பாவுக்கு நீண்ட தண்டனை விழுந்தது. அதற்கு அடுத்த வாரமே ரிஸ்கல்லா மலையிலிருந்து இறங்கி வந்தான். தாடி மார்புவரை வளர்ந்திருந்தது, தோளில் தானியங்கித் துப்பாக்கி. தம்பி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். போலீஸ் ஜீப் அந்தத் தெருப் பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டது. மர்த்தா வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "காராஸுக்கு எப்ப லீவு?" என்று கேட்பான். இருமுறை ஆள் விட்டு முகாம் வாசல்வரை விசாரித்தும் விட்டான். இஸ்தீர் மகனுக்குப் போன் போட்டு, வீட்டுக்கு வராதே என்று அழுதாள். அவன், "எத்தனை நாளைக்கும்மா? சேவை முடிஞ்சா எங்க போவேன்?" என்று கேட்டான்.

அபூனா பிமெனும் பக்கத்து ஊர் முஸ்லிம் பெரியவர் ஷேக் ஹம்தானும் சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு மதத்துக்காரர்களுக்கும் பழி ஒன்றுதான், அதை முடிக்கும் முறையும் ஒன்றுதான். கொன்ற வீட்டு ஆண் ஒருவன் தன் சவத்துக்கான வெள்ளைத்துணியைக் கைகளில் ஏந்தி, வெறுங்காலோடு எதிரி வாசலுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு ஆட்டுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். எதிரி அவன் கழுத்தில் கத்தியை வைப்பான். மனம் இரங்கினால் கத்தி ஆட்டுக்குப் போகும். இரங்காவிட்டால் யாரும் தடுக்கக் கூடாது.

"காராஸ் வரட்டும்" என்றார் ஷேக்.

"அவன் வர மாட்டான்" என்றாள் இஸ்தீர். "அவன் யாரையும் கொல்லலை. கொன்னது வஹ்பாவோட கை, என்னோட வாய். துணியை நான் ஏந்துறேன்."

"பொம்பளை ஏந்தி நான் கேள்விப்பட்டதே இல்லையே, அம்மா."

"ஆம்பளை தலையில முக்காடு போட்டுக் கொலைக்கு அனுப்பினவளையும் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க ஷேக்."

ஷேக் அபூனாவைப் பார்த்தார். அபூனா தரையைப் பார்த்தார். அப்படியே முடிவானது.

எங்கள் ஊர்த் தியாகிகளின் திருநாளன்று காலை, ஊர்வலத்துக்கு முன் அவள் புறப்பட்டாள். முக்காடில்லாத தலை, நரை கலந்த கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. நீட்டிய இரண்டு கைகளிலும் மடித்த வெள்ளைத்துணி. கரும்புச் சக்கை கிடந்த தெருவில் வெறுங்கால் கிழிய நடந்தாள். ஊர் இரண்டு பக்கமும் நின்றது. நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அந்த வேலையை வேறு யாரும் ஏற்கவில்லை.

ரிஸ்கல்லா எழுந்திருக்கவில்லை. "ஆம்பளையே இல்லாத வீடா? இந்தக் கிழவியை வெட்டி நான் என்ன பண்ண?"

"உங்ககிட்ட வரலை அவ. என்கிட்ட வந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டே மர்த்தா வெளியே வந்தாள். கையில் ஆடு அறுக்கும் கத்தி.

இஸ்தீர் துணியைத் தங்கையின் காலடியில் வைத்துவிட்டு ஆட்டுக்குப் பக்கத்தில் படுத்தாள். மர்த்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அக்காவின் கூந்தலைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்து, கத்தியைத் தொண்டையில் வைத்தாள்.

"அன்னைக்குக் காபி போட்டியே. சர்க்கரை போட்டியா?"

துக்கக் காபிக்குச் சர்க்கரை கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

இஸ்தீர் கண்ணை மூடவில்லை. "போட்டேன்" என்றாள். "எனக்கு மட்டும்."

கூட்டத்தில் யாரோ தேம்பினார்கள். மர்த்தாவின் கை இறங்கியது. தோல் பிளந்து இரத்தம் கழுத்தோரமாக வழிந்து வெள்ளைத்துணியின் மடிப்பில் இறங்கியது. இஸ்தீர் அசையவில்லை. "சீக்கிரம் பண்ணு மர்த்தா. காராஸை விட்டுடு." அபூனா சிலுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தி இன்னும் கொஞ்சம் அழுந்தியது. பிறகு அவள் விரல்கள் திறந்துகொண்டன. கத்தி மண்ணில் விழுந்தது. அவள் அக்காவின் கூந்தலை விடாமலே அழுதாள்.

"தள்ளு" என்றான் ரிஸ்கல்லா. துப்பாக்கியை நாற்காலியில் சாய்த்துவிட்டுக் கத்தியை எடுக்கக் குனிந்தான். "உனக்குக் கை வரலைன்னா எனக்கு வரும். அப்புறம் பட்டாளத்துக்காரனையும் பார்த்துக்கறேன்."

இஸ்தீரை முடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, விலாவில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்தியை ஓங்கியபோது பின்னாலிருந்து மர்த்தா பேசினாள்.

"நீங்க ஓடாம இருந்திருந்தா என் புருஷன் உயிரோட இருந்திருப்பார்."

அவன் திரும்பிப் பார்த்தான். துப்பாக்கி அவள் கையில் இருந்தது.

"கொலை பண்ணினது நீங்க. மலையில போய் ஒளிஞ்சது நீங்க. செத்தது அவர். ரத்தம் ரத்தம்னு நான் கேட்டது அக்காகிட்ட இல்லை. இப்பத்தான் எனக்கே தெரியுது."

"அதைக் கீழ வை, பைத்தியமே. சுடத் தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாதுதான். விசையை அழுத்தியவுடன் குண்டுகள் வரிசையாகப் பாய்ந்தன. சுவரில் காரை பெயர்ந்தது, ஆடு அறுபட்ட மாதிரி கதறியது, ரிஸ்கல்லாவின் வலது முழங்கால் இருந்த இடத்தில் கிழிந்த துணியும் வெள்ளை எலும்பும்தான் இருந்தன. அவன் விழுந்து, மண்ணைப் பிறாண்டிக்கொண்டு அலறினான். மர்த்தா துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அக்கா கொண்டுவந்த சவத்துணியை எடுத்து அவன் தொடையில் இறுக்கிக் கட்டினாள். சாக விடவில்லை.

"செத்துட்டா தப்பிச்சுடுவீங்க" என்றாள்.

இந்த முறை ஜீப் வந்தது. ஓட முடியாதவனைப் பிடிப்பதில் யாருக்கும் சிரமமில்லை. எப்படிச் சுட்டது என்று அதிகாரி கேட்டார். துப்பாக்கி நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து வெடித்தது என்றேன் நான். ஷேக் ஹம்தான் அதையே சொன்னார். கூட்டமே சொன்னது. அதிகாரி அபூனாவிடம் திரும்பினார். பொய் சொல்லாத மனிதர் அவர்.

"நான் ஆட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ரிஸ்கல்லாவுக்குக் காலை எடுத்துவிட்டார்கள். நாஷிதைக் கொன்றதற்கு ஆயுள் தண்டனை. இஸ்தீரின் கழுத்தில் தையல், விலாவில் கட்டு. அன்றைய ஊர்வலம் நடந்தது. எலும்புகளை அபூனாவே சுமந்தார். இரத்தம் காயாத அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்று, அத்லியின் பெயரையும் நாஷிதின் பெயரையும் சத்தமாகச் சொல்லி, அவர்களைத் தியாகிகள் என்று சொல்லாமல், இருவருக்காகவும் ஜெபித்தார். அந்த வாரம் மர்த்தா பந்தல் போட்டாள்.

அக்காளும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொன்னால் அது பொய். அபூனா கொடுத்த பரிகாரப்படி இஸ்தீர் இன்றைக்கும் நற்கருணைக்கு வராமல் கோயில் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாள். மர்த்தா அவளைக் கடந்துதான் உள்ளே போவாள். ஒரு வார்த்தை இல்லை. இரண்டு திருநாள் அப்படியே போனது.

காராஸ் சேவை முடிந்து ஊருக்கு வந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இஸ்தீர் தங்கை வாசலில் போய் நின்றாள். மர்த்தா, "பொண்ணு எந்த ஊர்?" என்று கேட்டாளாம். சொன்னதும், "சரி" என்று கதவைச் சாத்தினாளாம்.

கல்யாணத்துக்கு வந்தாள். பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். மணமக்கள் தலையில் கிரீடம் வைக்கும்வரை இருந்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன் எழுந்துவிட்டாள். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். கால்வாய்க் கரை வந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"பொண்ணு உயரம்" என்றாள் பிறகு. "காராஸுக்குப் பொருத்தம்தான்."